மூணாம் பிரதிக்கு ஜாமீன் கிடைக்குமா?

சித்தூர் தாலுகாவில் பங்காளிச் சண்டை புதிதில்லை (ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்). வரப்பு ஒரு முழம் நகர்ந்தது, கிணற்றில் மோட்டார் போடும் முறை தப்பியது என்று ஆரம்பிக்கும். பெரும்பாலும் வாய்ச்சண்டையோடு நிற்கும், இல்லையென்றால் பாகவழக்காக முன்சிப் கோர்ட்டுக்குப் போகும். எப்போதாவது ஒன்று கொலையில் முடிகிறது. அப்படி முடிந்த வீடுகளின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"வக்கீல் ஐயா, கிணற்றுத் தகராறில் என் கணவரின் அண்ணன் சித்தப்பாவை வெட்டிவிட்டார். என் கணவர் மூணாம் பிரதி. பக்கத்தில் நின்றிருந்தார், அவ்வளவுதான். நாலாம் பிரதிக்கு ஹைகோர்ட்டில் ஜாமீன் ஆகிவிட்டது. அப்போது இவருக்கும் ஆகும்தானே?" (கொழிஞ்சாம்பாறை அருகிலிருந்து ஒரு வாசகி)

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கேரளத்தில் குற்றம் சாட்டப்பட்டவரைப் 'பிரதி' என்பார்கள். நீங்கள் ஏ1, ஏ2 என்று சொல்வதுதான்.

அம்மா, பிரதி எண்ணை வைத்து எதுவும் முடிவாகாது. என்னிடம் இப்படி ஒரு கேஸ் வந்தால் முதலில் மூன்று காகிதங்களைத்தான் கேட்பேன்: எஃப்.ஐ.ஆரோடு இருக்கும் முதல் வாக்குமூலம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆயுதம் எடுத்த மகஜர் (ஆயுதத்தைக் கைப்பற்றியபோது சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதும் பதிவு). மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வாக்குமூலத்தில் உங்கள் கணவரைப் பற்றி என்ன வினைச்சொல் இருக்கிறது? 'நின்றார்' என்றா, 'பிடித்துக்கொண்டார்' என்றா, 'வெட்டுடா என்றார்' என்றா? இந்த ஒரு சொல்லில்தான் ஜாமீன் தொங்குகிறது. உடம்பில் இருப்பது ஒரே வெட்டுக்காயம், அதை வெட்டியவர் அண்ணன் என்று எல்லாச் சாட்சியும் சொல்கிறது, உங்கள் கணவரிடமிருந்து எதுவும் கைப்பற்றப்படவில்லை என்றால் வாதம் பலமானது. கையைப் பிடித்துக்கொண்டதாக முதல் நாளே சாட்சி சொல்லியிருந்தால், அவர் வெட்டவில்லை என்பது மட்டும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5) பிரிவு, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 34, பொது நோக்கத்தோடு சேர்ந்து செய்தவர்களை ஒரே தராசில் வைக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் 190-ஆம் பிரிவும் வரும். அது பழைய 149. 'வெட்டுடா' என்று தூண்டியதாகச் சொல்வதை நீதிமன்றங்கள் சற்றுத் தயங்கித்தான் ஏற்கும். பகையாளி வீட்டில் எல்லா ஆண்களையும் உள்ளே இழுக்க இதைவிடச் சுலபமான வாக்கியம் இல்லை என்பது நீதிபதிகளுக்கும் தெரியும்.

நாலாம் பிரதி விஷயத்துக்கு வருகிறேன். 'அவருக்குக் கொடுத்தீர்கள், எனக்கும் கொடுங்கள்' என்ற வாதம் உண்டு, ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலத்தகராறில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இன்னொருவர் கையிலும் இதே மாதிரி ஆயுதம்தான் இருந்தது, அவருக்கு ஜாமீன் ஆயிற்று என்பது போதாது. சம்பவத்தில் இவர் என்ன செய்தார், செத்தவர்களுக்கு எதிரே எங்கே நின்றார் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீன்களை ரத்து செய்தது. எனவே நாலாம் பிரதியின் உத்தரவு நகலை வாங்கி, எதற்காகக் கொடுத்தார்கள் என்று படியுங்கள். அவர் சம்பவ இடத்திலேயே இல்லை என்பதற்காகக் கிடைத்திருந்தால் உங்களுக்கு அது உதவாது. உங்கள் கணவர் மேல் பழைய அடிதடி கேஸ் ஏதாவது இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள். பிராசிகியூட்டர் எப்படியும் எடுத்துப் போடுவார்.

"மனுவைச் சித்தூர் கோர்ட்டிலேயே போடலாமா?"

கொலைக் கேஸில் மாஜிஸ்திரேட் ஜாமீன் தருவதை எதிர்பார்க்காதீர்கள். சட்டம் அவர் கையைக் கட்டியிருக்கிறது. பாலக்காடு செஷன்ஸ் கோர்ட், அங்கே ஆகவில்லை என்றால் எர்ணாகுளம் ஹைகோர்ட்.

"என் மாமியாருக்கு 68 வயது. வீட்டுக்குள் இருந்தவரை ஐந்தாம் பிரதி ஆக்கிவிட்டார்கள். பெண் என்பதற்குச் சலுகை உண்டா?"

உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம்) 480-ஆம் பிரிவு பெண்கள், குழந்தைகள், நோயாளிகள், தளர்ந்தவர்கள் ஆகியோரை விடலாம் என்கிறது. 'விட வேண்டும்' என்று இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்த மூதாட்டியை ஐந்து பேர் கணக்கு காட்டுவதற்காகச் சேர்த்தார்களோ என்ற சந்தேகம் எனக்கே வருகிறது. நீதிபதிக்கும் வரும். மருத்துவச் சீட்டுகளை எடுத்து வையுங்கள்.

"90 நாள் ஆனால் தானாகவே விட்டுவிடுவார்கள் என்று ஜெயிலில் சொல்கிறார்களாம். நிஜமா?"

பாதி நிஜம். கொலை வழக்கில் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. கேஸ் எவ்வளவு கனமானது என்ற கேள்வியே அங்கே எழாது. ஆனால் 'தானாகவே' இல்லை. மனுப் போட வேண்டும், ஜாமீன் கட்டத் தயார் என்று அதில் சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனு உள்ளே போய்விட்டால், பிறகு அது வந்தாலும் உரிமை போகாது. மனு போடாமல் தூங்கினால் போய்விடும்.

கணக்கில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கைதான நாள் கணக்கில்லை. மாஜிஸ்திரேட் முதலில் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டும், அந்த நாளையும் சேர்த்து. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது. நான் இன்னும் டெய்லி காலண்டர் தாளில் பென்சிலால் எண் போட்டுத்தான் கணக்கு வைக்கிறேன். 91-ஆவது நாள் காலையில் மனு தயாராக இருக்க வேண்டும்.

"ஜாமீன் உத்தரவு வந்து பன்னிரண்டு நாளாகிறது. ஜாமீன் நிற்க எங்கள் சொந்தக்காரர் பொள்ளாச்சியிலிருந்து வந்தார். வெளி மாநிலத்து ஆள் வேண்டாம், இங்கே கரம் (நிலவரி) கட்டுகிறவர் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்." (வேலந்தாவளத்திலிருந்து)

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. வேலந்தாவளத்தில் பெண் எடுப்பது, கொடுப்பது எல்லாம் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம். மாநில எல்லை பலருக்குத் தோட்டத்தின் வேலிதான். இங்கே வந்து 'உள்ளூர் ஜாமீன்தாரர்' என்றால் யாரைத் தேடுவது? உள்ளூரில் இருக்கும் சொந்தமெல்லாம் ஒன்று பிரதி, இல்லை சாட்சி!

1978-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் என்று தள்ளிவிட்டார்கள். ஜாமீன்தாரர் இதே மாவட்டத்துக்காரராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அந்த மனிதரை விடச் சொன்னது நீதிமன்றம். ஒரு மலையாளியோ தமிழரோ தெலுங்கரோ ஊர் தெரியாத வடக்கில் கைதானால் என்ன செய்வார் என்றும் அந்தத் தீர்ப்பு கேட்கிறது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அதே பாலக்காட்டு மாவட்டத்தில் இந்தக் கேள்வி எனக்கு வருகிறது.

சரி, காரியத்துக்கு வருவோம். ஒருமுறை நான் கொண்டுபோன தமிழ்நாட்டுப் பட்டாவை ஒரு நீதிமன்ற அலுவலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு "இது எந்தா?" என்றார்கள். அங்கே பார்த்துப் பழகியது கரம் ரசீது. அன்றிலிருந்து பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது மூன்றோடும் மலையாள மொழிபெயர்ப்பை வைத்து, தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்றையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். அப்படியும் மறுத்தால் வாய்மொழியாகத் திரும்பி வராதீர்கள். எழுத்தில் மனுக் கொடுங்கள், உத்தரவு கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னாலே பாதித் தடை விலகும்.

"என் தம்பி ஆனைமலையில் இருக்கிறான். கேரளா போலீஸ் தேடுகிறது. முன்ஜாமீன் இங்கேயே கேட்கலாமா?"

குறுகிய காலத்துக்குக் கேட்கலாம். வேறு மாநிலத்தில் எஃப்.ஐ.ஆர். இருந்தாலும் ஆள் இருக்கும் இடத்து செஷன்ஸ் கோர்ட்டோ ஹைகோர்ட்டோ இடைக்காலப் பாதுகாப்பு தரலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்துக்கொண்டு உரிய கேரள நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொலைக் கேஸில் முன்ஜாமீன் அபூர்வம் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். ஒருவேளை கைதானால், கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும். 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு அது. தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் மலையாளத் தாளை நீட்டினால் அதைக் குறித்து வையுங்கள்.

"கொலையானவர் என் அப்பா. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பெரியப்பா மகனுக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு அப்பா பங்கையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்களா?"

தம்பி, உங்கள் துயரத்தின் நடுவில் சட்டம் பேசுவதற்கு மன்னியுங்கள். கொல்லப்பட்டவரின் வாரிசும் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்தான். லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-இல், ஜாமீன் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்த மனு வருவதற்குள் வக்கீல் வைத்துத் தரப்பாகச் சேர்ந்துகொள்ளுங்கள். கொடுத்த ஜாமீனை ரத்து செய்யக் கேட்க இரண்டு வழி. உத்தரவே தவறு என்பது ஒன்று, வெளியே வந்த பிறகு சாட்சியை மிரட்டுகிறார் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நாள், நேரம், ஆள் பெயரோடு போலீஸில் புகார் இருக்க வேண்டும். "அவன் முறைத்துப் பார்க்கிறான்" என்பது நிற்காது.

சொத்தைப் பொறுத்தவரை, கொன்றவரும் கொலைக்கு உடந்தையானவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. பிரதிப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் இது வராது, குற்றம் நிரூபணமாக வேண்டும். உங்கள் விஷயத்தில் இந்தப் பிரிவே தேவைப்படாது. பிள்ளைகள் நீங்கள் இருக்கும்போது பெரியப்பா மகன் அப்பாவின் வாரிசே இல்லை. பாகவழக்கு நடந்துகொண்டிருந்தால் அப்பா இடத்தில் உங்களைச் சேர்க்கும் மனுவை 90 நாளுக்குள் போட்டுவிடுங்கள். கொலைக் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்து அதைக் கோட்டைவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

"ஜாமீன் ஆயிற்று. ஆனால் ஸ்டேஷன் எல்லைக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை. தேங்காய் போட ஆளில்லை."

நிபந்தனையைத் தளர்த்த, உத்தரவு போட்ட அதே கோர்ட்டில் மனுப் போடலாம். உடனே போடாதீர்கள். இரண்டு மாதம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பதிவோடு, குற்றப்பத்திரிகையும் வந்த பிறகு போனால் காது கொடுப்பார்கள். தோப்பு செத்தவர் வீட்டுக்கு அடுத்த தோப்பு என்றால் அப்போதும் சிரமம்தான். இந்தத் தேங்காய் வெட்டை யாருக்காவது பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விட்டுவிடுங்கள்.