இங்க் பேனாவுக்கு ஊதா மை வாங்கலாமா? எந்த மை நல்லது?

தினமும் குறிப்பெடுக்க ஊதா மை சரிவருமா, பேனா கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். பிரான்ஸில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதே ஊதா மையில்தான். ழே. எர்பான் நிறுவனத்தின் 'வியோலெட் பான்சே' இன்றும் அந்த நிறத்தில் கிடைக்கிறது.

முதலில் நிப்பைப் பாருங்கள். மெல்லிய நிப்பில் அடர் ஊதா கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். அதற்கு டயமைன் இம்பீரியல் பர்ப்பிள் போல நிறம் பளிச்சென்று தெரியும் மை நல்லது. தடித்த நிப் என்றால் பைலட் இரோஷிசுகுவின் முராசாகி ஷிகிபு மை அழகு. விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

பெரும்பாலான ஊதா மைகள் சாய மைகள். தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். பத்திரமாக இருக்கவேண்டிய எழுத்துக்கு ரோரர் & கிளிங்னரின் ஸ்கபியோசா பொருத்தம். அது இரும்புச்சத்து சேர்ந்த மை, ஈரத்தை ஓரளவு தாங்கும். ஆனால் அதைப் பேனாவுக்குள் காயவிடாதீர்கள். அவ்வப்போது வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஊதாவின் உண்மையான தொல்லை கறை. வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்ஷியன் வயலெட் நினைவிருக்கிறதா? அந்தச் சாயக் குடும்பம் ஒட்டினால் லேசில் போகாது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேனாவில் சில ஊதாக்கள் நிரந்தரமாகச் சாயமேற்றிவிடும். அதனால் ஒளி ஊடுருவாத, விலை குறைந்த பேனாவில் முதலில் ஊற்றிப் பாருங்கள்.

வீட்டிலேயே நீலத்தையும் சிவப்பையும் கலப்பதென்றால் ஒரே கம்பெனி மைகளாக எடுத்து, சிறு குப்பியில் ஓரிரு நாள் வையுங்கள். அடியில் மண்டி படிந்தால் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், தேர்வெழுதும்போது நீலமோ கறுப்போ போதும்.