குப்பம் பகுதி மானாவாரி நிலக்கடலை: விழுது இறங்கும்போது மழை நின்றால்

ஐயா, ஆந்திராவின் குப்பத்துக்கு அருகே 2 ஏக்கர் செம்மண்ணில் மானாவாரியாக விதைத்த நிலக்கடலை இரண்டாண்டுகளாக விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் காம்பு) இறங்கும் நேரத்தில் காய்ந்துபோவதாகவும், அதற்காகக் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டின் வேப்பனப்பள்ளிப் பக்கம் பயிரிடுபவன் என்ற முறையில், அந்தக் கடனை இப்போதைக்குத் தவிர்க்கவே சொல்வேன்.

முளைத்த முதல் மாதத்து வறட்சியை நிலக்கடலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் 40 நாளுக்குப் பின் மேல்மண் இறுகிவிட்டால் விழுது உள்ளே இறங்க முடியாமல் காய் குறைந்துவிடும். ஆகவே நிலம் முழுவதையும் ஒரே மழையில் விதைக்காமல், பாதியை இரண்டு வாரம் தள்ளி அடுத்த மழையில் விதையுங்கள். 45ஆம் நாள் வாக்கில், மண் ஈரமாக இருக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். 8 வரிசைக்கு ஒரு வரிசை துவரை போட்டால், கடலை பொய்த்தாலும் அது பின்மழையில் காய்க்கும் (எங்கள் வீட்டுப் பருப்புச் செலவு பெரும்பாலும் அதில்தான் கழிகிறது).

ஜூலை முடிந்தும் விதைப்பு மழை வராவிட்டால், விலையுயர்ந்த கடலை விதையை மண்ணில் போடாமல் கொள்ளுக்கு மாறிவிடுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரிப் (மழைக்கால) பருவ எண்ணெய்வித்துக்கு விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 சதவீதம்தான். உங்கள் மண்டலத்தில் (வட்டாரத்தில்) நிலக்கடலை காப்பீட்டுக்குரிய பயிராக அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதை விதைக்குமுன் ரைத்து சேவா கேந்திரத்தில் (ஆந்திர அரசின் விவசாயிகள் சேவை மையம்) கேட்டுக்கொள்ளுங்கள்.