மலேரியா எப்படிப் பரவுகிறது: கேள்வி பதில்

வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மலேரியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டெங்கு, சிக்குன்குன்யா கேட்டவர்கள் மன்னிக்கவும், அது வேறு கொசு, வேறு கிருமி.

பெரம்பூர்: வீட்டில் ஒருவருக்கு மலேரியா. மற்றவர்களுக்கு ஒட்டுமா? தட்டு, துண்டைத் தனியாக வைக்கவா?

வேண்டாம். ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. நடுவில் பெண் அனாபிலிஸ் கொசு ஒன்று வேண்டும். நோயாளியைக் கடித்த கையோடு அடுத்தவரைக் கடித்தாலும் பரவாது. நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் கிருமியின் ஆண், பெண் வடிவங்கள் கொசுவின் வயிற்றில் சேர்ந்து, குடல் சுவரில் கொப்புளமாகப் பெருகி வெடித்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்தாக வேண்டும். சென்னை வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ 10 முதல் 12 நாள். அதற்குப் பிறகு கடித்தால்தான் நோய். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர, மலேரியாக் கிருமிகளில் வைவாக்ஸ் வகை என்றால், இன்னும் இரண்டு வாரம் போல ஆகும்.

ஆகவே முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் இரண்டாம் ஆளுக்கும் வந்தால், அவரிடமிருந்து இவருக்கு வரவில்லை. இருவரும் ஒரே இடத்தில் வாங்கியிருக்கிறார்கள். நாலு வாரம் கழித்து வந்தால்தான் உங்கள் வீட்டுக் கொசுவைச் சந்தேகிக்க வேண்டும்.

கொரட்டூர்: எங்கள் பக்கம் கொசுவே குறைவு. ஆனாலும் மலேரியா வருகிறதே?

நல்ல கேள்வி. மலேரியாவில் கொசுவின் எண்ணிக்கையைவிட ஆயுள் பெரிது. தினமும் நூற்றுக்கு 80 கொசு பிழைக்கிறது என்று வையுங்கள். 12 நாள் முடிவில் மிஞ்சுவது 7. தினமும் 90 பிழைத்தால் மிஞ்சுவது 28. ஒரு நாள் கணக்கில் சின்ன வித்தியாசம்தான். கிருமி முதிரும்வரை உயிரோடிருக்கும் கொசுவோ நாலு மடங்கு. 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் விரித்துச் சொன்ன கணக்கு இது. காற்றில் ஈரப்பதம் ஏறினால் கொசு நாள்பட வாழும். மருந்தூட்டிய வலையும் சுவரில் அடிக்கும் மருந்தும் பலன் தருவது இதனால்தான்: இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ரத்தம் தேடி வரும் கொசு, ஒவ்வொரு முறையும் சாவைத் தாண்ட வேண்டியிருக்கும்.

அண்ணா நகர், தாம்பரம், இன்னும் மூன்று பேர்: புகை மருந்து ஏன் அடிப்பதில்லை?

புகை, அந்த நேரத்தில் பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். தொட்டியில் இருக்கும் புழு நாளைக்குக் கொசுவாகும். ஐந்து பேருக்கும் இதே பதில்.

வியாசர்பாடி: காரணம் சாக்கடைதான் சார். எங்கள் தெருவில் மூன்று பேருக்கு மலேரியா, வாசலில் தேங்கின சாக்கடை. அதை விட்டுவிட்டுத் தொட்டி, தொட்டி என்கிறார்கள்.

சாக்கடையில் வருவது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வேறு கொசு. இரவெல்லாம் காதில் ரீங்காரமிடும் அந்தக் கொசுவால் யானைக்கால் நோயைப் பரப்ப முடியும், மலேரியாவை முடியாது. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி நல்ல தண்ணீர் தேடும்: மாடித் தொட்டி, கிணறு, தரைத்தொட்டி, டிரம்.

வியாசர்பாடி, மறுபடியும்: கொசு தண்ணீரைச் சோதித்தா முட்டை போடுகிறது? எங்கள் தொட்டிக்கு மூடி இருக்கிறது.

ஏறக்குறைய சோதித்துத்தான் போடுகிறது. சந்தேகம் இருந்தால் புழுவையே பாருங்கள். கியூலெக்ஸ் புழு வாலில் உள்ள மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழல் கிடையாது; தண்ணீர் மட்டத்தோடு மட்டமாக, உடைந்த துடைப்பக் குச்சி மாதிரி கிடக்கும். வளர்ந்த கொசுவையும் கண்டுபிடிக்கலாம்: சுவரில் முதுகு கூனி உட்கார்ந்தால் கியூலெக்ஸ், பின்புறத்தைத் தூக்கிச் சாய்ந்து நின்றால் அனாபிலிஸ்.

மூடி இருப்பது வேறு, மூடியிருப்பது வேறு. வெயிலில் நெளிந்த பிளாஸ்டிக் மூடி, மேலே செங்கல் வைத்தாலும் ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கும். மிகைநீர்க் குழாயின் வாயை எத்தனை வீட்டில் கட்டியிருக்கிறார்கள்? கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துக் கம்பியால் இறுக்குங்கள். செலவே இல்லை.

மயிலாப்பூர்: வியாசர்பாடிக்காரர் சொல்வதும் சரிதானே? சாக்கடையைச் சுத்தம் செய்ய வேண்டாமா?

செய்யட்டும், நான் தடுக்கவில்லை. சாக்கடை சுத்தமானதும் மலேரியா போய்விடும் என்று மாடி ஏறாமல் இருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கட்டட மேற்பார்வையாளர், சிறுசேரி: வேலையாட்களுக்கு அடுத்தடுத்து காய்ச்சல். என்ன செய்யலாம்?

கிருமியும் கொசுவும் சேர வசதியான இடம் உங்களுடையது. மலேரியா உள்ள ஊர்களிலிருந்து ஆள் வருகிறது; அரைகுறைச் சுவருக்குள் தூங்குகிறது; பக்கத்திலேயே லிஃப்ட் குழி, கியூரிங் பாத்தி (கான்கிரீட் இறுகத் தளத்தில் தண்ணீர் தேக்குவது), டிரம். புதிதாக வருபவருக்குக் காய்ச்சல் இருந்தால் அன்றே ரத்தத் தடவல் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுங்கள். வைவாக்ஸில் கொசுவுக்கு ஏறும் வடிவம், காய்ச்சல் தொடங்கும்போதே ரத்தத்தில் இருக்கும். இரண்டு நாள் தள்ளினால் இரண்டு இரவு கொசுவுக்கு விருந்து.

தண்ணீருக்கு, வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். ஏழாம் நாள் தவறினால் அந்த வாரம் வீண். டிரம்மைக் கவிழ்த்துக் காய விடுங்கள். அனாபிலிஸ் முட்டை காய்ந்தால் செத்துவிடும், சுவரைத் தேய்க்க வேண்டியதில்லை (டெங்குக் கொசுவுக்குத் தேய்த்தே ஆக வேண்டும்). தளத்தில் பாத்தி கட்டுவதற்குப் பதில் ஈரச்சாக்கு போர்த்துங்கள். லிஃப்ட் குழியை மோட்டார் வைத்து இறையுங்கள். ஆட்களுக்கு வலை கொடுங்கள், அதைக் கட்ட ஆணியும் அடித்துக் கொடுங்கள். ஆணி இல்லாத வலை தலையணையாகிவிடும்.

சேலம்: மலேரியா குணமாகி மூன்று மாதத்தில் மறுபடி வந்துவிட்டது. மறுபடியும் கொசு கடித்ததா?

கடித்திருக்கலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது: 14 நாள் மாத்திரையை முடித்தீர்களா? குளோரோகுயின் மூன்று நாளில் ரத்தத்திலுள்ள வைவாக்ஸைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும். ஈரலில் உறங்கும் கிருமியை அது தொடாது. அதற்குத்தான் பிரைமாகுயின், கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, 14 நாள். நாலாம் நாள் உடம்பு தெளிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். உறங்கியது சில வாரத்திலோ சில மாதத்திலோ எழுந்து வரும். ஊரில் ஒரு கொசுவும் கிருமியோடு இல்லாத காலத்திலும் தெருவுக்குப் புதுக் கிருமி கிடைப்பது இப்படித்தான்.

எச்சரிக்கை: கர்ப்பிணிக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது. ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணு உடையும். சிறுநீர் கடுங்காப்பி நிறமானால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. மருத்துவர் எழுதாமல் வாங்காதீர்கள்.

நிலவேம்பு போதுமா?

போதாது.

செல்பேசிச் செயலியின் ஒலிக்குக் கொசு ஓடுமா?

ஓடாது.

மதுரை: ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கு மருந்து முடித்து இரண்டு வாரம். அட்டைப் பரிசோதனை (ஒரு சொட்டு ரத்தத்தில் உடனே முடிவு காட்டும் அட்டை) இன்னும் பாசிட்டிவ்.

கிருமி செத்த பிறகும் அதன் புரதம் ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும், அட்டை அதைக் காட்டும். தடவல் எடுத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணம்: இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஒழிந்தது உள்ளூர்ப் பரவல்; கொசு இருக்கிறது. 1963இல் நாடு முழுக்க 17 பேர்தான். கண்காணிப்பு தளர்ந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. சான்று கிடைத்த அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் ஸ்டீபன்சியும் சிக்கியது, அதுவும் கிணற்றில். இந்தியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போய்வந்து காய்ச்சல் என்றால், பயணத்தை மருத்துவரிடம் முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள்.

கூலாய், மலேசியா: குரங்கிடமிருந்து வருமா?

வரும். நோலெசி வகை, காட்டுக் குரங்கிலிருந்து கொசு வழியாக. 24 மணிக்கொரு முறை பெருகும், ஆகவே காத்திருக்காதீர்கள்.

வியாசர்பாடி: மாடி ஏறிப் பார்த்துவிட்டேன். புழு இல்லை.

எவ்வளவு நேரம் நின்றீர்கள்? மூடியைத் தூக்கியதும் உங்கள் நிழல் விழுந்திருக்கும், எல்லாம் அடிக்குப் போயிருக்கும். நிழல் படாமல் ஓரமாக நின்று, இரண்டு மூன்று நிமிடம் ஆடாமல் காத்திருங்கள். வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து, தொட்டிச் சுவரை ஒட்டி மெதுவாக மொள்ளுங்கள். பத்து முறை. பிறகு எழுதுங்கள்.