பின்ஹாம் மடம்: பாதி நிற்பது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பின்ஹாம் மடத்தைப் பார்த்தேன். ஒரு பாதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது, மறுபாதி இடிபாடு. நாட்டின் மடங்களையெல்லாம் மூடிய எட்டாம் ஹென்றி மன்னரின் மதவெறிதான் காரணமென்றால் ஏன் பாதியோடு நிறுத்தினார்கள்?

ம.

அன்புள்ள ம.,

நிற்கும் பாதி ஊராருடையது. கிழக்கே துறவிகள் ஓதினார்கள். மேற்கிலுள்ள நீண்ட கூடம் ஊர்மக்களின் கோயில். 1539இல் மடத்தை மூடியபோது எஞ்சியிருந்தவர்கள் ஆறு துறவிகள்தான். மடத்தின் சொத்து பாஸ்டன் குடும்பத்துக்குப் போனது, கோயில் ஊரோடு தங்கிவிட்டது.

மற்றதை இடிக்க வைத்தது பெரும்பாலும் கல்லின் விலை. நார்ஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடையாது, சக்கிமுக்கிக் கல்தான் உண்டு. அதையும் சாந்தையும் உள்ளே நிரப்பி, வெளியூரிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கி மேலே பதித்தார்கள். இடிந்த தூண்களின் அருகே போய்ப் பாருங்கள்: தோல் உரிந்ததுபோல் உள்ளே கரடுமுரடான கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். செதுக்கிய கல்லை உருவிக்கொண்டு போனார்கள். சக்கிமுக்கிக்கு விலையில்லை, அது மிஞ்சியது.

மதவெறியின் தடம் கோயிலுக்குள் இருக்கிறது. பழைய மரத்தடுப்பின் பலகைகளில் புனிதர்களை வரைந்திருந்தார்கள். பிற்பாடு அவற்றின் மேல் வெள்ளை பூசி, 1539ஆம் ஆண்டு ஆங்கில பைபிளின் வசனங்களைக் கறுப்பு எழுத்தில் எழுதினார்கள். இப்போது பூச்சு உதிர உதிர, வரிகளுக்கு நடுவே முகங்கள் எட்டிப்பார்க்கின்றன. காயங்களோடு நிற்கும் கிறிஸ்துவைக்கூட விட்டுவைக்கவில்லை! எனக்கு ஆறாத கோபம் உண்டென்றால் இதன் மேல்தான்.

அதற்காகத் துறவிகளை அப்பாவிகள் என்றும் எண்ணிவிடாதீர்கள். பதினான்காம் நூற்றாண்டில் வில்லியம் டி சோமர்டன் என்ற மடத்தலைவர் திருப்பலிக் கிண்ணங்களையே விற்று இரசவாதத்தில் தொலைத்தார். அதற்கு முன், 1212 வாக்கில், தாய்மடமான செயின்ட் ஆல்பன்ஸ் இங்கிருந்த தலைவரை நீக்க, அவருடைய நண்பரான ராபர்ட் ஃபிட்ஸ்வால்டர் பிரபு படையோடு வந்து மடத்தை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்கள் தவிட்டு ரொட்டி தின்று, கூரையிலிருந்து வடிந்த மழைநீரைக் குடித்துத் தாக்குப்பிடித்தார்கள். ஜான் மன்னர் படை அனுப்பிய பிறகே முற்றுகை விலகியது. மடத்தின் மீது படையெடுக்க ஹென்றி காலம்வரை யாரும் காத்திருக்கவில்லை.

மேற்கு முகப்பின் பெரிய சன்னலைச் செங்கல்லால் அடைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கல்லையே மெல்லிய சட்டங்களாகச் செதுக்கிக் கோத்த சன்னல் அது. அந்த வகையில் இங்கிலாந்தின் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதை அடைத்தது 1809இல், ஹென்றி செத்து இரண்டரை நூற்றாண்டு கழித்து. பின்ஹாமின் இழப்புகளில் எனக்கு இதுவே பெரிது.