கண் பரிசோதிக்கப் போன கார்

அன்புள்ள ஐயா,

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருபது வருடமாக இருக்கிறேன். 2020 ஏப்ரலில் அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் இறந்தார். எங்களை உள்ளே விடவில்லை. ஒரு நர்ஸ் போனைப் பிடித்து முகத்தைக் காட்டினார். தகனத்தன்று அம்மா ஒரு நாற்காலி, ஆறடி தள்ளி நான் ஒரு நாற்காலி. அழுதவளின் தோளில் கை வைக்கக்கூட எழுந்து போகவில்லை.

அடுத்த மாதமே, அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சனின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கில் குடும்பத்தோடு வெளியூர் போன விவகாரம் வெளியே வந்தது. அப்புறம் ஊரடங்குக் காலத்திலேயே பிரதமர் வீட்டில் நடந்த பார்ட்டிகள். எனக்கு இன்னும் ஆறவில்லை. "கம்மிங்ஸ் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், விடும்மா" என்கிறான் மகன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்றால் சிரிக்கிறான். அன்றைக்கு நான் விதிக்குக் கட்டுப்பட்டது முட்டாள்தனமா?

ச., லண்டன்

அன்புள்ள ச.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு உடனே "இல்லை" என்று எழுதியிருக்கலாம். ஆறுதலுக்குச் சொன்னது மாதிரி ஆகிவிடும் என்றுதான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. கம்மிங்ஸின் மனைவிக்கு உடம்பு முடியவில்லை, தனக்கும் தொற்று வந்துவிடும் போலிருக்கிறது, வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை. பெற்றோரின் பண்ணை 260 மைல் தள்ளி டர்ஹாமில். ஏறக்குறைய சென்னையிலிருந்து திண்டுக்கல் தூரம். நானாக இருந்தால் காரில் ஏறியிருக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

ஆனால் உங்கள் கோபம் அந்தப் பயணத்தின் மேல் என்று எனக்குத் தோன்றவில்லை. மே 25ஆம் தேதியின் மேல். அன்று பிரதமர் இல்லத்து ரோஜாத் தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து கம்மிங்ஸ் விளக்கம் சொன்னார். தவறு செய்துவிட்டேன் என்ற பேச்சே இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு விதியிலேயே இடம் இருக்கிறது, அதன்படிதான் நடந்தேன் என்றார். ஏப்ரல் 12 அன்று அங்கிருந்து பார்னார்ட் காசில் என்ற ஊருக்கு 30 மைல் ஓட்டிப் போனது எதற்கு? லண்டன் வரை ஓட்டக் கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க. (கண் தெரிகிறதா என்று சந்தேகம் வந்தால் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது புதுமையான வைத்தியம். ஒரு பீர் கம்பெனி 'பார்னார்ட் காசில் கண் பரிசோதனை' என்ற பெயரில் பீரே விட்டது.) அந்த விளக்கத்துக்கு முந்தைய நாளே ஜான்சன், ஒரு தகப்பனுக்கு இயல்பாகத் தோன்றுவதைத்தான் அவர் செய்தார் என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்.

வேலி பயிரை மேய்ந்தால் திருட்டு என்று ஊருக்கே தெரியும். வேலியைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டுவிட்டு, எல்லை என்றைக்கும் இங்கேதான் இருந்தது என்று சொன்னால்? விதியில் அந்த இடம் எப்போதும் இருந்தது என்றால் உங்களுக்கும் இருந்திருக்கும். நீங்கள் எழுந்து போய் அம்மாவைக் கட்டிப்பிடித்திருக்கலாம். உங்களுக்குத்தான் விதியைச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடுகிறது. முட்டாளா என்ற கேள்வி உங்களுக்குள் எப்படி வந்தது என்கிறீர்கள்? அதை உள்ளே போட்டது அந்த விளக்கம்தான்.

இதை மறுநாளே புரிந்துகொண்ட ஒருவர் அந்த ஆட்சியிலேயே இருந்தார். டக்ளஸ் ராஸ், ஸ்காட்லாந்துக்கான இணை அமைச்சர். உறவினரின் சாவுக்குப் போக முடியாத என் தொகுதி மக்களிடம், நீங்கள் எல்லோரும் தப்பு, ஒரே ஒரு ஆலோசகர்தான் சரி என்று என்னால் சொல்ல முடியாது என்ற பொருளில் எழுதிவிட்டு ராஜினாமா செய்தார். அதே நாள் மாலை, சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக்கின் செய்தியாளர் கூட்டத்தில் பிரைட்டனிலிருந்து ஒரு பாதிரியார் கேட்டார்: அப்படியானால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பயணம் செய்து அபராதம் கட்டியவர்களின் வழக்குகளையும் திரும்பப் பார்ப்பீர்களா? ஹான்காக் திணறி, நல்ல கேள்வி, பார்க்கிறோம் என்றார். கொஞ்ச நேரத்தில் அரசாங்கம், அப்படியெல்லாம் மறுபரிசீலனை கிடையாது என்றது. விலக்கு ஒரு காருக்கு மட்டும்தான் என்பது அன்றைக்கு எழுத்தில் இல்லாமலே உறுதியானது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அந்த மாதங்களில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தொடர்ந்து கேள்வி கேட்டுவந்தார்கள். கம்மிங்ஸ் பயணச் செய்தி வெளியான மே 22க்குப் பிறகு, தொற்றைக் கையாளும் விஷயத்தில் அரசின் மேலிருந்த நம்பிக்கை இங்கிலாந்தில் சட்டென்று இறங்கியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் தங்கள் அரசுகள் மேல் அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட்டும் ஏப்ரலில் விதியை மீறித் தன் இரண்டாவது வீட்டுக்குப் போய் வந்தவர்தான். மாட்டிக்கொண்டதும் மன்னிப்புக் கேட்டார். அன்றிரவே பதவி போனது. நார்வேயில் பிரதமர் எர்னா சூல்பர்க்கின் 60ஆவது பிறந்தநாளுக்குக் குடும்பத்தார் 13 பேர் கூடினார்கள். அனுமதி 10 பேருக்கு. 2021 ஏப்ரலில் போலீஸ் அவருக்கு 20,000 குரோனர் அபராதம் போட்டது. கணவருக்குப் போடவில்லை. விதியை நாட்டுக்கு அறிவித்தவர் அவர்தானே.

பார்ட்டி விவகாரமும் இதே பாதையில்தான் போனது. தன் பிறந்தநாள் கூட்டத்துக்காக ஜான்சன் கட்டிய அபராதம் 50 பவுண்ட். விதிகள் முழுக்கப் பின்பற்றப்பட்டன என்று 2021 டிசம்பரில் பார்லிமெண்டில் சொன்னதற்குத்தான் விலை பெரிதானது. 2023இல் விசாரணைக் குழு, அவர் தெரிந்தே சபையைத் தவறாக நம்பவைத்தார் என்ற முடிவுக்கு வந்தது. அறிக்கை வெளியாகும் முன்பே எம்.பி. பதவியை விட்டுவிட்டார்.

ஆகவே உங்கள் மகனிடம் சண்டை போட வேண்டாம். கம்மிங்ஸ் இடத்தில் யார் இருந்தாலும் காரில் ஏறியிருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ரோஜாத் தோட்டத்து மேசையில் யார் இருந்தாலும் அதையே பேசியிருப்பார்களா என்று கேளுங்கள். மகன் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.