கிரீக்கோ ரோமன்: பெயரில் மட்டும்

அன்புள்ள ஐயா,

ஒலிம்பிக்கில் கிரீக்கோ ரோமன் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பழைய கிரேக்கர்கள் இப்படித்தான் மோதினார்களா?" என்று என் மகன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே? மல்யுத்தம் பிறந்ததே கிரேக்கத்தில்தானே?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

மகனிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். கிரீக்கோ ரோமனில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலை இடறவும் கூடாது. பழைய கிரேக்கர்களுக்கு அப்படித் தடை இல்லை. காலை வாரிவிடுவது அங்கே தேர்ந்த வித்தை. இன்று நாம் பார்க்கும் பாணி 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் உருவானது. பழம்பெருமைக்காக ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது.

பழைய ஒலிம்பிக் நடந்த ஊரான ஒலிம்பியாவில் மல்யுத்தம் சேர்ந்தது கி.மு. 708இல். எதிராளியை மூன்று முறை மண்ணில் சாய்த்தவருக்கு வெற்றி. எடைப் பிரிவு கிடையாது, ஆகவே மெலிந்தவர் பாடு திண்டாட்டம்தான். குரோட்டன் ஊர் மிலோ ஆறு ஒலிம்பிக்கில் வென்றார், அதில் ஒன்று சிறுவர் பிரிவில். எனக்கென்னவோ அவரைவிடச் சிசிலித் தீவின் லியோன்டிஸ்கோஸைத்தான் பிடிக்கும். ஆளைத் தூக்கிப் போடத் தெரியாதாம், விரல்களை மடக்கியே ஜெயித்தாராம். ஊர் ஊராகச் சுற்றிய பழைய கிரேக்க எழுத்தாளர் பவுசானியாஸ் எழுதிவைத்திருக்கிறார். இத்தனைக்கும் விரலை ஒடிக்கக் கூடாது என்று லியோன்டிஸ்கோஸுக்கு முன்பே ஒலிம்பியாவில் வெண்கலத் தகட்டில் பொறித்துவைத்திருந்தார்கள். மடக்குவது வேறு, ஒடிப்பது வேறு என்று வாதாடியிருப்பாரோ!

சரி, பிறந்த இடம். எகிப்தில் நைல் கரையோரம் பெனி ஹசன் என்ற இடத்தில் பாறையைக் குடைந்த கல்லறைகள் இருக்கின்றன. ஏறக்குறைய 4000 வருடப் பழமை, அதாவது ஒலிம்பியாவுக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் மூத்தவை. அங்கே பகெத் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரில் 200க்கும் அதிகமான மல்லர் ஜோடிகளை வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். இடுப்பில் கச்சு மட்டும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் கருத்த நிறம், மற்றவர் வெளிர்சிவப்பு. பின்னிக்கிடக்கும் கைகால்களில் எது யாருடையது என்று தெரியவேண்டுமே! ஒருவன் குனிந்து காலைப் பற்றுகிறான், அடுத்த ஜோடியில் இன்னொருவன் தலைகீழாகத் தொங்குகிறான். இத்தனை பிடிகள் தேறிவர அதற்கு முன் எத்தனை தலைமுறை புரண்டிருக்க வேண்டும்? ஆகவே பிறந்த ஊர் என்று ஒன்றைக் கைகாட்ட மாட்டேன்.

அந்தச் சுவர்ப் படத்தை இணையத்தில் தேடி மகனுக்குக் காட்டுங்கள். கிரீக்கோ ரோமன் நடுவர் ஒருவரை அதன் முன் நிறுத்தினால், விசில் ஊதியே ஓய்ந்துபோவார்.