அது நாயா, ஓநாயா?

அன்புள்ள ஐயா,

போன வாரம் நண்பர்களோடு காட்டுக்குள் நடக்கப் போயிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம், பாதையின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு விலங்கு வந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது. ஓநாய் என்கிறேன் நான், ஏதோ நாய் என்று சிரிக்கிறார்கள் நண்பர்கள். ஈர மண்ணில் இருந்த ஒரு தடத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். எப்படி உறுதி செய்வது? அடுத்த முறை ஓநாய் ஊளையை ஒலிக்கவிட்டால் கிட்டே வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு பேனாவையாவது போட்டு எடுத்திருந்தால் அளவாவது தெரிந்திருக்கும். குளிர்நாட்டுக் காடுகளில் வளர்ந்த ஓநாயின் முன்கால் தடம் 10, 12 செ.மீ. நீளம் இருக்கும், ஆனால் பெரிய நாய்களுக்கும் அந்த அளவு உண்டு என்பதால், ஒற்றைத் தடத்தை நம்பி நண்பர்களோடு பந்தயம் கட்டாதீர்கள்.

பார்க்க வேண்டியது தடங்களின் வரிசையை. ஓநாய் போக்கில் நடக்கும்போது முன்கால் பதிந்த குழியிலேயே பின்கால் விழும், அதனால் நூல் பிடித்தாற்போல் ஒரே கோடாகப் போகும், இரண்டு கால் பிராணி நடந்துபோனதோ என்றுகூடத் தோன்றும். நாய் அப்படிப் போகாது. புதரை மோந்து, திரும்பி, இன்னொரு பக்கம் ஓடி, பாதை முழுக்கக் கிறுக்கி வைத்திருக்கும். உடம்பில் என்றால் நீண்ட கால்கள், ஒடுங்கிய மார்பு, சுருளாமல் தொங்கும் வால். வால் மேலே சுருண்டிருந்தது என்றால் நண்பர்கள் சொன்னதுதான் சரி.

எச்சம் கிடைத்தால் இன்னும் நல்லது. முடியும் எலும்புத் துணுக்குமாக முறுக்கிக்கொண்டு கிடக்கும். குச்சியால் கிளறிப் பாருங்கள், கையால் தொடாதீர்கள், அதில் மனிதருக்குத் தொற்றக்கூடிய நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம்.

ஓநாயையே தேடிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஓநாய் தெரிவதில்லை. நம் வாடை அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. எதிர்க்காற்றில் நடந்தால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. மற்றபடி காட்டில் மீதி எல்லாம் என்ன செய்கிறது என்று பாருங்கள்: மேய்ந்த மான்கள் எல்லாம் தலையைத் தூக்கி ஒரே திசையைப் பார்க்கின்றனவா, ஓரிடத்துக்கு மேலே அண்டங்காக்கைகள் கூடி இரைகின்றனவா? இரை விழுந்த இடத்துக்கு அவை சீக்கிரமே வந்துவிடும், சில இடங்களில் ஓநாய்களின் பின்னாலேயே திரியும். ஒன்றும் இல்லாவிட்டாலும் மரங்கொத்தி இருக்கும், மான் கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரம் இருக்கும். இதெல்லாம் அலுப்பாக இருந்தால் ஓநாய் பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

ஊளையை ஒலிக்கவிடும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, அவற்றின் பிள்ளைகள், அவ்வளவுதான்; அடித்துப் பிடித்துத் தலைவனாகும் கதையெல்லாம், ஒன்றுக்கொன்று அந்நியமான ஓநாய்களை அடைத்துவைத்துப் பார்த்ததில் கிளம்பியது. அந்தக் குடும்பத்தின் எல்லைக்குள் அந்நிய ஊளை கேட்டால் வேறு கூட்டம் நுழைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். குட்டிகள் இருக்கும் மாதங்களில் அந்தப் பதற்றம் அவற்றுக்கு எதற்கு?

எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். முகத்தைப் பார்த்தபடியே நிமிர்ந்து நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். அப்புறம், நாயைக் கூட்டிப்போவதானால் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். மனிதரைக் கண்டு ஒதுங்கும் ஓநாய் நாயைக் கண்டு ஒதுங்கும் என்று நம்ப முடியாது.